கதவைத் திறந்து வைத்த மானேஜர்!

புது மானேஜர் வந்தால் ஆபீஸில் முதலில் நகருவது பீரோ. ஜன்னலோரம் இருந்தது சுவரோரம் போகும். அடுத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அவர் ரூமுக்குள் குடியேறும். மூன்றாவதாகத்தான் ஆட்கள் நகருவார்கள். இது நான் பார்த்தவரையில் எல்லா ஆபீஸுக்கும் பொது விதி.

லண்டனுக்கு ஒரு மானேஜர் வந்தார். அவர் பீரோவைத் தொடவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போய்ச் சுவரை இடித்தார். அந்தச் செங்கல்லை எடுத்து முன்பக்கம் மாடி கட்டினார். 'திருடன் வந்தால்?' என்று கேட்டவர்களிடம், 'அவன் உள்ளே வருவதற்குள் நாம் அவன் வீட்டுக்குள் புகுந்துவிடுவோம்' என்கிற ரீதியில் பதில் சொன்னார்.

திருடர்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் கடைசியில் வீட்டு அலமாரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பையும் வந்தது. அதுதான் வேடிக்கை.

மானேஜர் பெயர் ஆஞ்ச் பொஸ்டெகொக்லூ. (உச்சரிக்க வராவிட்டால் கவலை வேண்டாம். இங்கிலாந்துக்காரர்களும் 'பிக் ஆஞ்ச்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.) கிளப், டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர். செல்லமாக ஸ்பர்ஸ்.

வடக்கு லண்டன் வியாதி

ஸ்பர்ஸ் 1882-ல் ஆரம்பித்த பழைய கிளப். 2019-ல் அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் பளபள ஸ்டேடியம் கட்டினார்கள். ஷோகேஸ் மட்டும் காலி. கடைசியாக லீக் சாம்பியன் ஆனது 1961-ல். கடைசியாக எதையாவது ஜெயித்தது 2008-ல், லீக் கோப்பை. அதன் பிறகு ஷோகேஸில் தூசி தட்டுவதற்குத்தான் ஆள் வைத்திருந்தார்கள்.

மானேஜர்களை மாற்றுவதில் மட்டும் சாம்பியன்கள். ஜோஸே மொரீன்யோவை அழைத்து வந்தார்கள். 2021 ஏப்ரலில் லீக் கோப்பை ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். (கல்யாணத்துக்கு முதல் வாரம் மாப்பிள்ளையை மாற்றுவது மாதிரி.) பிறகு நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ. நாலு மாசம். பிறகு அன்டோனியோ கான்ட்டே.

இந்த மூவருக்கும் ஒரு பொதுக் குணம்: முதலில் வீட்டைப் பூட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். கான்ட்டே மூன்று சென்டர் டிஃபண்டர்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேரை இறக்கிவிட்டு, பந்து கையில் இல்லாதபோது ஐந்து பேர் சுவராக நிற்கும் ஆட்டம் ஆடுபவர். 2023 மார்ச்சில் ஆட்டக்காரர்களைப் பேட்டியில் வறுத்தெடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன அடுத்த மாசம், ஏப்ரல் 23-ல், நியூகாஸில் போய் ஆடினார்கள். 21 நிமிஷத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள். காபி வாங்கிக்கொண்டு ஸீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்துபோயிருந்தது. முடிவு 6-1. லண்டனிலிருந்து வந்த ரசிகர்களுக்கு டிக்கெட் காசைத் தங்கள் பையிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள் ஆட்டக்காரர்கள். நம் ஊரில் சில சினிமாக்களுக்கும் இந்த வழக்கம் வரலாம்.

அந்த 2022-23 சீசனில் ஸ்பர்ஸ் வாங்கிய கோல் 63. எட்டாவது இடம். இந்த 63-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டும்.

கிரேக்க அப்பா, மெல்போர்ன் பிள்ளை

2023 ஜூன் 6. ஆஞ்ச் வந்தார். பிறந்தது கிரீஸ் நாட்டின் ஏதென்ஸில், 1965-ல். அங்கே ராணுவ ஆட்சி வந்தபோது குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. ஐந்து வயதுப் பையனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மெல்போர்னில் அப்பா விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைத்தார். வாரத்துக்கு ஒருநாள்தான் பிள்ளையோடு பேச நேரம். அது ஃபுட்பால் மைதானத்தில்.

அந்த அப்பாவுக்கு டிஃபன்ஸ் ஆட்டம் பிடிக்காது. பந்து தரையில் ஓடவேண்டும், முன்னால் ஓடவேண்டும். அப்பா உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி ஒரு டீம், அதுதான் தன் வேலை என்று ஆஞ்ச் பலமுறை சொல்லியிருக்கிறார். ஃபுட்பால் கோச்சுகள் பலரிடம் தத்துவம் கேட்டால் வட்டமும் அம்புக்குறியும் வரைவார்கள். இவரிடம் கேட்டால் அப்பா வருவார்.

இன்னொரு குரு, ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ். 1953-ல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று அவமானப்படுத்திய டீமின் காப்டன். அந்த மேதை 1989-ல், எப்படியோ, சவுத் மெல்போர்ன் கிளப்புக்கு கோச்சாக வந்து சேர்ந்தார். இங்கிலீஷ் தகராறு. ஆனால் ஏதென்ஸ் கிளப் ஒன்றில் வேலை பார்த்ததால் கிரேக்கம் வரும். டீம் காப்டனான இளைஞர் ஆஞ்சுக்கும் வரும். ஆகவே அவரே டிரைவர், அவரே மொழிபெயர்ப்பாளர். காரில் போகும்போதெல்லாம் பாடம். 'எதிராளி நாலு போட்டால் நாம் ஐந்து போடுவோம்' என்கிற பரம்பரை அங்கே ஒட்டிக்கொண்டது.

பிற்பாடு ஆஞ்ச் ஆஸ்திரேலியாவுக்கு 2015-ல் ஆசியக் கோப்பை வாங்கித் தந்தார். ஜப்பானில் யோகோஹாமா டீமை எடுத்து, முதல் வருஷம் பட்டியலின் கீழ்ப்பாதியில் தள்ளாடவிட்டு, மறு வருஷம் 2019-ல் சாம்பியன் ஆக்கினார். ஸ்காட்லாந்தில் ஸெல்டிக் கிளப்புக்கு இரண்டே வருஷத்தில் இரண்டு லீக் பட்டம். ஆனாலும் லண்டன் பேப்பர்கள் 'யாரிவர்?' என்றுதான் கேட்டன. வெளியூரில் எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டாலும் ஹெட் ஆபீஸில் புது ஆள்தானே!

சுவர் எங்கே போயிற்று?

இங்கே கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம். இரண்டு டீ கிளாஸும் ஒரு ஸ்கேலும் இருந்தால் ஆபீஸ் மேஜையிலேயே விளங்கும்.

மைதானத்தின் நீளம் சுமார் 105 மீட்டர். ஆஃப்ஸைட் விதி என்ன சொல்கிறது? பந்து பாஸ் ஆகிற அந்தக் கணத்தில், எதிராளியின் பாதியில், பந்தைவிடவும் எதிர் டீமின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் கோலுக்கு நெருக்கமாக நின்று ஆட்டத்தில் புகுந்தால் தப்பு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல் கீப்பர். ஆகவே நடைமுறையில், கடைசி டிஃபண்டரைத் தாண்டி முன்கூட்டியே நிற்கக்கூடாது. பந்தி போடுமுன் இலையில் உட்காரக்கூடாது என்கிற மாதிரி.

இதில்தான் சூட்சுமம். டிஃபண்டர்கள் கோலுக்கு அருகே நின்றால், எதிராளியும் கோலுக்கு அருகே வந்து நிற்கலாம். டிஃபண்டர்கள் நாற்பது மீட்டர் முன்னேறி, மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால்? எதிராளியும் அங்கேயேதான் நிற்கவேண்டும். ஆட்டம் முழுக்க அவன் பக்கத்திலேயே நடக்கும். இதற்குப் பெயர் 'ஹை லைன்', உயரக் கோடு.

லாபம் பெரிது. ஆபத்தும் பெரிது. பின்னால் ஐம்பது மீட்டர் காலி மனை. எவனாவது ஒருத்தன் சரியான நேரத்தில் புறப்பட்டு, இன்னொருத்தன் சரியான பந்தைத் தூக்கிப் போட்டால், நடுவில் கோல் கீப்பர் மட்டும்தான். இன்னொன்று: தன் சொந்தப் பாதியிலிருந்து புறப்படுகிறவனுக்கு ஆஃப்ஸைடே கிடையாது. கோட்டை நடுக்கோடு வரைக்கும் தள்ளிவிட்டால் விதியின் பாதுகாப்பும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆஞ்ச் இதோடு நிற்கவில்லை. வழக்கமாக ஓரத்தில் காவல் காக்கும் ஃபுல்பேக் இருவர், பெத்ரோ போரோவும் உடோஜியும், பந்து நம் கையில் இருக்கும்போது நடுக்களத்துக்குள் புகுந்து ஆடவேண்டும் என்றார். ஆகப் பின்னால் மிச்சம் இரண்டே பேர். ஒருவர் அர்ஜென்டினாவின் ரொமேரோ. உலகக் கோப்பை வென்றவர், கோபம் மூக்குக்கு மேலே. இன்னொருவர் ஜெர்மனியிலிருந்து புதிதாக வாங்கிய டச்சுக்காரர் மிக்கி வான் டெ வென். ஆறடிக்கு மேல் உயரம், ஓடினால் ரயில். 2024 ஜனவரியில் ஒரு மேட்சில் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகம் பதிவானது. எங்கள் ஏரியா டவுன் பஸ் அந்த வேகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இத்தாலியிலிருந்து வந்த விகாரியோ, கோல் கீப்பர். அவர் கோலுக்குள் நிற்காமல் வெளியே வந்து கூட்டிப் பெருக்கவேண்டும்.

திட்டம் முழுக்க ஒரே ஆணியில் தொங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? வான் டெ வென்னின் கால்கள். பின்னால் ஐம்பது மீட்டர் காலி மனையை வாங்கிப் போட்டிருப்பவனுக்கு வேகமாக ஓடுகிற வாட்ச்மேன் வேண்டும். அவனுக்கு லீவு கிடையாது.

பத்து மேட்ச் தேனிலவு

கிளப்பின் சரித்திரத்திலேயே அதிக கோல் போட்ட ஹாரி கேனை ஆகஸ்ட்டில் ஜெர்மனிக்கு விற்றுவிட்டார்கள். இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது, ஸ்பர்ஸ் முதல் பத்து மேட்சில் எட்டு ஜெயித்து, இரண்டு டிரா செய்து, பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், மூன்று மாசமும் 'மாதத்தின் சிறந்த மானேஜர்' ஆஞ்ச்தான். பேட்டியில் கேள்வி எதுவானாலும் பதில் முடிவது 'மேட்' என்று. நம்ம ஊர் 'மச்சி' மாதிரி. சிடுமூஞ்சி கான்ட்டேவுக்குப் பிறகு அந்த 'மேட்' லண்டன் காதில் தேனாகப் பாய்ந்தது.

பிறகு வந்தது நவம்பர் 6.

ராத்திரி ஒன்றரை மணிக்கு

லண்டனில் இரவு எட்டு மணி. நமக்கு நடுநிசி தாண்டி ஒன்றரை. விடிந்தால் செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் உண்டு. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எதிராளி செல்ஸி. அதன் மானேஜர் பொச்செட்டினோ, ஸ்பர்ஸின் பழைய மானேஜர்.

ஆறாவது நிமிஷம் குலுசெவ்ஸ்கி கோல். 1-0. இன்னும் கொஞ்ச நேரத்தில் தூங்கப் போய்விடலாம் என்று தோன்றியது.

33-வது நிமிஷம் ரொமேரோ ஒரு கால் வைத்தார். பந்திலும் பட்டது, ஆளிலும் பட்டது. சிவப்பு அட்டை, கூடவே பெனால்ட்டி. 1-1. இடைவேளைக்குள் வான் டெ வென் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆட்டத்தின் மூளையான மாடிஸனும் காயத்தோடு வெளியே போனார். கோல் போடுவதும் ரத்தாவதுமாக, முதல் பாதிக்கு மட்டும் 12 நிமிஷம் எக்ஸ்ட்ரா. 55-வது நிமிஷம் உடோஜிக்கு இரண்டாவது மஞ்சள். அவரும் அவுட்.

பதினோரு பேரில் ஒன்பது பேர். இன்னும் அரை மணிக்கு மேல் பாக்கி.

இந்த நிலைமையில் உலகத்தில் எந்த மானேஜரும் செய்வது ஒன்றுதான். எட்டுப் பேரையும் கோலுக்கு முன்னால் கொண்டுவந்து, பந்து தெரியாதபடி அடைத்து நிற்கவைப்பார். ஆஞ்ச் என்ன செய்தார் தெரியுமோ? கோட்டைக் கொண்டுபோய் நடுக்கோட்டிலேயே வைத்தார். ஒன்பது பேரோடு!

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நிஜம்தான். மைதானத்தின் ஒரு பாதியில் விகாரியோவைத் தவிர ஈ காக்கை இல்லை. செல்ஸிக்காரர்கள் ஓடிவருவார்கள், ஆஃப்ஸைட் கொடி உயரும். மறுபடி ஓடிவருவார்கள், விகாரியோ பாய்ந்து வெளியே வந்து உதைப்பார். இருபது நிமிஷம் இந்தக் கூத்து. 75-வது நிமிஷத்தில்தான் நிக்கோலஸ் ஜாக்ஸன் ஒன்று போட்டார். அதற்குப் பிறகும் ஒன்பது பேர் ஸ்பர்ஸ் முன்னால் போய் சமன் செய்யப் பார்த்தது. கடைசியில் எக்ஸ்ட்ரா நேரத்தில் ஜாக்ஸன் இன்னும் இரண்டு. 4-1.

தோற்ற டீமுக்கு ஸ்டேடியம் எழுந்து நின்று கை தட்டியது. ஆஞ்ச் பேட்டியில் அசரவில்லை. இதுதான் நாங்கள், நான் இருக்கும்வரை இப்படித்தான், ஐந்து பேர் மிஞ்சினாலும் முன்னால்தான் போவோம் என்று சொல்லிவிட்டார்.

காலையில் சிவந்த கண்களோடு ஆபீஸ் போனேன். பக்கத்து ஸீட் நண்பர், கிரிக்கெட்டைத் தவிர வேறு தெய்வம் அறியாதவர், கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏன் ஸார், ரெண்டு பேர் போயாச்சு. மிச்ச பேர் ஸ்டம்ப்பை மறைச்சுண்டு கட்டை போட வேண்டியதுதானே? டிராவாவது ஆகியிருக்குமே?"

"அது அவருக்குப் பிடிக்காது ஸார்."

"பிடிக்கறது பிடிக்காததெல்லாம் வீட்டுல. சம்பளம் வாங்கற எடத்துல ஏது ஸார்?"

நான் பதில் சொல்லவில்லை. சம்பளத் தேதிக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

அந்த மேட்சுக்குப் பிறகு ஒரு விசித்திரம். செல்ஸியோடு சேர்த்துத் தொடர்ந்து ஐந்து லீக் மேட்சில் ஸ்பர்ஸ் 1-0 என்று முந்தியது. ஐந்தில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. வான் டெ வென் இல்லாத இடத்தில், ஓரத்துக் காவலர்களான பென் டேவிஸும் எமர்ஸனும் நடுச்சுவராக நின்ற நாட்களும் உண்டு. ஆனால் கோடு மட்டும் அதே இடத்தில். வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில், கேட் திறந்தே இருந்தது.

சுவர் கட்டிய முன்னோர்கள்

ஆஞ்சைப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. ஃபுட்பால் சரித்திரமே இந்தச் சுவரை எங்கே வைப்பது என்கிற தகராறுதான்.

1925-ல் ஆஃப்ஸைட் விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை கோலுக்கும் தாக்குபவனுக்கும் இடையே மூன்று எதிராளிகள் வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முந்தைய சீசனில் விழுந்த கோல் 1,192. அடுத்த சீசனில் 1,703! அந்த வருஷம்தான் ஆர்ஸனல் கிளப்புக்குப் புது மானேஜராக வந்திருந்தார் ஹெர்பர்ட் சாப்மன். அக்டோபரில் அவர் டீம் நியூகாஸிலிடம் 7-0 என்று உதை வாங்கியது. (இந்த நியூகாஸிலுக்கு லண்டன்காரர்கள் மேல் என்ன கோபமோ!) உடனே சாப்மன் நடுக்களத்து ஆளைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது டிஃபண்டராக நிறுத்தினார். மற்றவர்கள் காப்பியடித்தார்கள்.

உயரக் கோட்டுக்கு நிஜமான வாத்தியார், இத்தாலியின் அர்ரிகோ சாக்கி. அப்பாவின் செருப்பு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். பெரிய ஆட்டக்காரராக இருந்தவரில்லை. 1987-ல் ஏ.ஸி. மிலான் மானேஜராக வந்தபோது கேலி செய்தார்கள். ஜாக்கியாவதற்கு முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதே என்றார். முதல் சீசனிலேயே சாம்பியன். 30 மேட்சில் வாங்கிய கோல் 14-தான். அவரும் கோட்டை மேலே கொண்டுபோனவர்தான்!

பின் ஏன் ஆஞ்சுக்கு மட்டும் அறுபதைத் தாண்டியது? சாக்கி கோட்டை மட்டும் நகர்த்தவில்லை, முழு டீமையும் நகர்த்தினார். முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பந்து வைத்திருப்பவனை நாலு பக்கமும் நெருக்கினால், அவன் தலை நிமிர்ந்து நீண்ட பாஸ் போடவே முடியாது. பின்னால் காலி மனை இருந்தும் பிரயோஜனம் இல்லை. சாக்கி ஒரு பயிற்சி வைத்திருந்தார்: கோல் கீப்பரும் நாலு டிஃபண்டரும் ஒரு பக்கம், குல்லிட், வான் பாஸ்டன் உள்பட பத்துப் பேர் எதிர்ப் பக்கம். கால் மணி நேரத்தில் ஒரு கோல் போடுங்கள் என்பார். பத்துப் பேரால் ஒரு தடவைகூட முடிந்ததில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார்.

அதாவது, கதவைத் திறந்து வைக்கலாம். வாசலில் நிற்பவன் உள்ளே எட்டிப் பார்க்கவே நேரம் தரக்கூடாது. முன்வரிசை ஒரு விநாடி அசந்தால் பின்வரிசை அம்போ. ஸ்பர்ஸில் முன்வரிசை களைத்தது, நடுவரிசையில் ஓட்டை விழுந்தது, பழி மட்டும் பின்வரிசைக்கு வந்தது. ஆபீஸில் சேல்ஸ் செய்யும் தவறுக்கு அக்கவுண்ட்ஸ் பதில் சொல்வதுபோல.

கார்னர் கிக் இன்னொரு தலைவலி. 2024 ஏப்ரலில் பரம எதிரி ஆர்ஸனல், கார்னரில் மட்டும் இரண்டு கோல் எடுத்து 3-2 என்று ஜெயித்தது. செப்டம்பரில் மறுபடி கார்னர், மறுபடி ஆர்ஸனல், 1-0. அன்றைக்குத்தான் ஆஞ்ச் பொன்மொழி உதிர்த்தார்: இரண்டாவது வருஷத்தில் நான் வழக்கமாக ஜெயிப்பதில்லை, எப்போதுமே ஜெயிப்பேன் என்று. அது அவருடைய இரண்டாவது வருஷம். லண்டன் சிரித்தது.

தொடைத் தசையும் 18 வயசும்

சிரிக்கக் காரணம் இருந்தது. 2024-25 சீசனில் நடந்தது ஆட்டமே அல்ல, ஆஸ்பத்திரி வார்டு. வான் டெ வென்னுக்கு மறுபடி தொடைத் தசை. ரொமேரோவுக்குக் காயம். மான்செஸ்டர் ஸிட்டியை 4-0 என்று அடித்த மேட்சில் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிந்தபடியே ஆடி முடித்தார். பிறகு ஆபரேஷன். டிராகுஷின் என்பவரை மாற்றாக நிறுத்தினார்கள். ஜனவரி கடைசியில் அவருக்கும் முழங்கால் போயிற்று.

கடைசியில் ஆர்ச்சி கிரே என்ற 18 வயசுப் பையனை நடுச்சுவராக நிறுத்தினார்கள். அவன் நடுக்கள ஆட்டக்காரன். நம் வீட்டில் அந்த வயசுப் பையனை நம்பி பாங்க்கில் டிராஃப்ட் எடுக்க அனுப்ப யோசிப்போம். அவன் பின்னால் ஐம்பது மீட்டர் காலி மனையோடு, உலகத்தின் மிகச் சிறந்த ஃபார்வர்டுகளை எதிர்த்து நின்றான். வாரத்துக்கு இரண்டு மேட்ச். முகம் வாடாமல் நின்றான் என்பதை எழுதத்தான் வேண்டும்.

டிசம்பரில் செல்ஸியை 2-0 என்று முந்தி 4-3 தோல்வி. இரண்டு வாரம் கழித்து லிவர்பூலிடம் 6-3. சொந்த மைதானத்திலேயே! சீசன் முடிவில் 38 மேட்சில் 22 தோல்வி. இருபது டீமில் 17-வது இடம். அதற்குக் கீழே மூன்றே பேர்; மூவருக்கும் கீழ் டிவிஷனுக்கு டிக்கெட்.

இப்போது அந்த 63-ஐ எடுங்கள். ஆஞ்ச் வருவதற்கு முன்பு வாங்கிய கோல் 63. அவருடைய முதல் சீசனில் 61, ஐந்தாவது இடம். இரண்டாவது சீசனில் 65, பதினேழாவது இடம். 63, 61, 65! பூட்டிய வீட்டிலும் அதே திருட்டு, திறந்த வீட்டிலும் அதே திருட்டு. மாறியது எது? போட்ட கோல். 70, பிறகு 74, பிறகு 64. முன்னால் கொட்டியபோது பின்னால் ஒழுகுவதை யாரும் பேசவில்லை. முன்னால் வறண்டதும் ஒழுகல் மட்டும் கண்ணில் பட்டது. நம் மாசக் கடைசி பட்ஜெட்டும் இதே கதைதானே!

பில்பாவோவில் பூட்டு

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் லண்டன் வேறு மாதிரி விழித்தது. வியாழக்கிழமைகளில் யூரோப்பா லீக் மேட்ச். அங்கே ஸ்பர்ஸ் ஜெயித்துக்கொண்டே வந்தது. வசந்தத்தில் ரொமேரோவும் வான் டெ வென்னும் குணமாகி ஜோடி சேர்ந்தார்கள். லீக்கில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி உதை வாங்கிக்கொண்டு, முதல் வரிசையை ஐரோப்பாவுக்குப் பொத்தி வைத்தார் ஆஞ்ச். 17-வது இடத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டை 1-0. நார்வேயின் பூடோவில் 2-0. இந்த மேட்சுகளைப் பார்த்தவர்கள் மெதுவாக ஒன்றைக் கவனித்தார்கள். கோடு இறங்கியிருந்தது. ஃபுல்பேக்குகள் ஓரத்தில் நின்று காவல் காத்தார்கள். ஆஞ்ச் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொல்லைச் சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

2025 மே 21. ஸ்பெயின், பில்பாவோ. ஃபைனல். எதிராளி மான்செஸ்டர் யுனைடெட், அன்றைக்கு லீக்கில் 16-வது இடம். அவர்களுக்கும் சீசன் நடுவில் வந்த புது மானேஜர், ரூபென் அமோரிம். மூன்று டிஃபண்டர் திட்டத்தைக் கொண்டுவந்து அவரும் முழி பிதுங்கிக்கொண்டிருந்தார். 17-வதும் 16-வதும் ஐரோப்பியக் கோப்பைக்கு மோதியது, அரியர்ஸ் வைத்த இரண்டு பேர் கோல்டு மெடலுக்குப் போட்டியிட்டது போல.

42-வது நிமிஷம், பிரென்னன் ஜான்ஸன் காலிலும் எதிராளி உடம்பிலும் தட்டுத்தடுமாறி ஒரு கோல் விழுந்தது. ஜன்மத்திலேயே அழகில்லாத கோல். அப்புறம்? கதவைச் சாத்தினார்கள். 78-வது நிமிஷத்தில் கோல் போட்ட ஜான்ஸனையே வெளியே எடுத்து, இன்னொரு டிஃபண்டரை இறக்கினார் ஆஞ்ச். ஐந்து பேர் சுவர்! கான்ட்டே டி.வி. பார்த்திருந்தால் காபியைக் கொட்டியிருப்பார்.

68-வது நிமிஷத்தில் விகாரியோ ஒரு பந்தை நழுவவிட்டார். ஹோய்லண்ட் தலையால் முட்டினார். பந்து காலி கோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கால், கோட்டின் மேல் அந்தரத்தில் அதை வெளியே தட்டியது. வான் டெ வென். அதே வாட்ச்மேன். இந்தத் தடவை அவர் ஐம்பது மீட்டர் ஓடவேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலிலேயே இருந்தார்.

1-0. 17 வருஷத்துக்குப் பிறகு ஒரு கோப்பை. 1984-க்குப் பிறகு ஐரோப்பாவில் முதல் கோப்பை. இரண்டாவது வருஷம் ஜெயிப்பேன் என்றவர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தது அப்பாவின் ஆட்டத்தால் அல்ல. மொரீன்யோவும் கான்ட்டேவும் கட்டத் தெரிந்த அதே சுவரால்.

மூன்றாவது பாகம்

ஊர்வலத்தில் லட்சம் பேர் தெருவில். மைக் பிடித்த ஆஞ்ச், நல்ல டி.வி. தொடர்களில் இரண்டாம் சீசனைவிட மூன்றாம் சீசன்தான் பிரமாதமாக இருக்கும் என்றார். கூட்டம் கூவியது. ஃபைனல் முடிந்த பதினாறாம் நாள், ஜூன் 6-ம் தேதி, சேர்ந்து சரியாக இரண்டு வருஷம் ஆன அன்றே, கிளப் அவரை டிஸ்மிஸ் செய்தது. தொடர் நிறுத்தப்பட்டது.

செப்டம்பர் 9-ல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அழைத்தது. விதியைப் பாருங்கள், அங்கே அவருக்கு முன் இருந்தவர் அதே நூனோ. பூட்டிய ஆட்டம் ஆடி டீமை ஏழாவது இடத்துக்குக் கொண்டுபோனவர். பில்பாவோவில் பூட்டுப் போட்ட கை இங்கே என்ன செய்தது? கோட்டை மறுபடி மேலே ஏற்றியது. பழக்கமில்லாத டிஃபண்டர்கள் திணறினார்கள். எட்டு மேட்ச், இரண்டு டிரா, ஆறு தோல்வி. சொந்த ரசிகர்களே, காலையில் உனக்கு வேலை போகப்போகிறது என்று ராகம் போட்டுப் பாடினார்கள். அக்டோபர் 18-ல் செல்ஸியிடம் 3-0. விசில் ஊதி இருபது நிமிஷம் ஆகவில்லை, டிஸ்மிஸ். 39 நாள். பாட்டில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: வேலை போனது காலையில் அல்ல, மத்தியானம்.

பக்கத்து ஸீட் நண்பரிடம் இதையும் சொன்னேன்.

"அந்த மனுஷனுக்குப் பூட்டத் தெரியும் இல்லே ஸார்? ஃபைனல்ல பூட்டினாரே! அப்புறம் ஏன் மறுபடி தெறந்தார்?"

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுவது இது. பூட்டுவது அவருக்குத் தெரிந்த வேலை. திறப்பது அவருக்குப் பிடித்த வேலை. ஒருநாள், ஒரே ஒருநாள், கோப்பைக்காகத் தெரிந்ததைச் செய்தார். 17 வருஷம் காத்திருந்த கூட்டம் அழுதது. மறுநாளே பிடித்ததுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவை அவர் கால்கள் அல்ல. வான் டெ வென்னின் தொடையும், 18 வயசுப் பையனின் மூச்சும். அதை அவர் கணக்கில் எழுதித்தான் ஆகவேண்டும். கோப்பையையும் அதே கணக்கில்தான் எழுதவேண்டும்.

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம புது மானேஜர் இன்னும் பீரோவோட நிறுத்திண்டிருக்கார். அந்த மட்டும் க்ஷேமம்" என்றார்.